காது போச்சு, கண் தப்பிச்சது: கோயாவுக்கு என்னதான் வந்தது?

கொஞ்சம் நீளமான இழை மக்களே. இப்ப நேரம் இல்லன்னா சேமிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி வாசிங்க.

1793 மார்ச் மாசம். ஸ்பெயினோட தென்கோடியில காடிஸ்னு ஒரு துறைமுக ஊர். அங்க செபஸ்தியான் மார்த்தினெஸ்னு ஒரு பணக்கார வியாபாரி. ஓவியம் சேகரிக்கிறதுல தீராத பித்து உள்ளவர். அவர் வீட்டுல ஒரு நோயாளி தங்கியிருக்கார். அந்த நோயாளியோட நெருங்கிய சிநேகிதர் மார்ட்டின் சபாத்தேர், தூரத்துல சரகோசா ஊர்ல இருக்கார். அவருக்கு மார்த்தினெஸ் ஒரு கடிதம் எழுதுறார்.

கடிதத்தோட சாரம் இதுதான்: தலைக்குள்ள இரைச்சல் இன்னும் குறையல. காதும் கேட்கல. ஆனா பார்வை முன்னைக்கு நல்லாவே தேறியிருக்கு. முன்னாடி இருந்த குழப்பம் இப்ப இல்ல. மாடிப்படி நல்லாவே ஏறி இறங்குறார்.

நோயாளி பெயர் பிரான்சிஸ்கோ கோயா. அப்ப வயசு 46. மன்னர் நாலாம் கார்லோஸோட அரண்மனை ஓவியர்.

ஒரு மருத்துவரா சொல்றேன், அந்த வியாபாரி எழுதினது அருமையான கேஸ் ஷீட். காது, காதிரைச்சல், கண், மூளை, உடம்போட சமநிலை எல்லாம் அதுல வந்துடுது. எது தேறிச்சு, எது தேறலன்னும் பிரிச்சு எழுதியிருக்கார். மருத்துவம் படிக்காத மனுஷன்! இருநூறு வருஷத்துக்கு மேல மருத்துவர்கள் இந்த நோய்க்குப் பேர் வைக்க அடிச்சுக்கிறதுக்கு அடிப்படையே பெரும்பாலும் இந்த மாதிரி சில கடிதங்கள்தான்.

கோயா 1792 கடைசியில ஆண்டலூசியாப் பக்கம் போன இடத்துல படுத்தார். பல வாரம் எழுந்திருக்கல. பார்வை மங்கிச்சு, தலை சுத்திச்சு, நிலை தடுமாறிச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா தேறிச்சு. காது மட்டும் திரும்பவே இல்ல. அதுக்கப்புறம் 35 வருஷம் வாழ்ந்தார், முழுச் செவிடரா.

(“கோயா மாதிரி ஆளுக்கு காது போனா என்ன, கை இருக்கே”ன்னு தோணலாம். 1795ல மாட்ரிட்டின் சான் பெர்னாண்டோ கலைக்கழகத்துல ஓவியத்துறை இயக்குநர் பதவி கிடைச்சுது. மாணவர்கள் பேசுறது கேட்காததால 1797ல விட்டுட்டார். விரலால பேசுற கையெழுத்து முறையைக் கத்துக்கிட்டார்.)

இப்ப கொஞ்சம் உடற்கூறு. பயப்படாதீங்க, சுருக்கமாத்தான்.

காது கேட்காம போறதுல ரெண்டு வகை. ஒண்ணு, சத்தம் உள்ள போற வழியில அடைப்பு. அழுக்கு, சீழ், செவிப்பறை ஓட்டை இப்படி. இன்னொண்ணு, வழி சுத்தமா இருக்கும், ஆனா உள்ள இருக்கிற நத்தை ஓடு மாதிரியான காக்லியாவோ, அங்கேர்ந்து மூளைக்குப் போற நரம்போ பழுதாயிருக்கும். இதைத்தான் நரம்புச் செவிடுன்னு சொல்றோம். இது 72 மணி நேரத்துக்குள்ள திடீர்னு வந்தா, அது காதுல வர்ற ஒரு அவசர நிலை. மாரடைப்பு அளவுக்கு உயிருக்கு ஆபத்து இல்லாம இருக்கலாம், ஆனா கடிகாரம் ஓடுது.

காக்லியாவுக்கு ரத்தம் போற தமனி நூல் மாதிரி மெல்லிசு. மாற்றுப் பாதை கிடையாது. தெருக்கோடியில, ஒரே ஒரு குழாய் லைன்ல தண்ணி வாங்குற கடைசி வீட்டை நினைச்சுக்கோங்க. மெயின் லைன்ல எங்க கோளாறு வந்தாலும் முதல்ல காயறது அந்த வீடுதான். ரத்தம் கெட்டியானாலும், ரத்தக்குழாய் வீங்கினாலும், ரத்தமே கசிஞ்சாலும் காது முன்கூட்டியே சொல்லிடும்.

திடீர்ச் செவிடுல பத்துல ஒன்பது பேருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. வைரஸா இருக்கலாம், ரத்த ஓட்டமா இருக்கலாம்னு ஊகிச்சு சிகிச்சை கொடுப்போம். இந்த இழை அந்த மிச்சம் ஒருத்தரைப் பத்தினது. அவருக்கு நோய் காதுல இல்ல. வேற எங்கயோ இருக்கு, காது வழியா வெளிய தெரியுது.

இதை உலகத்துக்குக் காட்டின பெண்ணோட பேர் யாருக்கும் தெரியாது.

1861 ஜனவரி 8, பாரிஸ். இம்பீரியல் மருத்துவக் கழகத்துல ப்ராஸ்பர் மெனியர் ஒரு கட்டுரை வாசிக்கிறார். பாரிஸ்ல இருந்த காது கேளாதோர் நிறுவனத்துல இருபது வருஷத்துக்கு மேல மருத்துவரா இருந்தவர். அந்தக் காலத்துல திடீர்னு தலைசுத்தி, வாந்தியெடுத்து, காது இரைஞ்சு ஒருத்தர் விழுந்தா, ‘மூளையில ரத்தம் கட்டிக்கிச்சு’ன்னு முடிவு பண்ணிடுவாங்க. சிகிச்சை? கையைக் கீறி இன்னும் கொஞ்சம் ரத்தத்தை வெளிய எடுக்கிறது. அட்டை விடுறது. ஏற்கெனவே சுருண்டு கிடக்கிற ஆளை இன்னும் சுருட்டுறது.

மெனியர் சொன்னது, இது மூளை இல்ல, உட்செவி. அதுக்கு அவர் கொண்டுவந்த சாட்சிகள்ல ஒண்ணு ஒரு இளம்பெண். குளிர்காலம், மாதவிடாய் நேரம், ராத்திரி முழுக்க குதிரை வண்டியோட திறந்த மேல்தட்டுல உக்காந்து பயணம். திடீர்னு காது முழுசா கேட்கல. கொஞ்சம் அசைஞ்சாலும் தலை சுத்தல், வாந்தி. அஞ்சாம் நாள் இறந்துட்டாங்க.

பிரேதப் பரிசோதனையில மூளை சுத்தம். முதுகுத்தண்டு சுத்தம். உட்செவியோட அரைவட்டக் குழாய்கள்ல மட்டும் ஒரு சிவந்த திரவம் நிரம்பியிருந்துச்சு. அதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஃப்ளூரான்ஸ்னு ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், புறாவோட அரைவட்டக் குழாயை வெட்டினா புறா சுத்திச் சுத்தி விழுறதைக் காட்டியிருந்தார். மெனியர் ரெண்டையும் சேர்த்தார். தலைசுத்தலோட வீடு காதுலயும் இருக்குன்னு மருத்துவ உலகம் மெல்ல ஒத்துக்கிச்சு. அடுத்த வருஷமே மெனியர் இறந்துட்டார். முழுப் பெருமையைப் பாக்கல.

ஆனா வேடிக்கை என்னன்னா, அந்தப் பெண்ணுக்கு வந்தது இன்னைக்கு நாம ‘மெனியர் நோய்’னு சொல்றது இல்ல. மெனியர் நோய் வரும், போகும், திரும்ப வரும். அஞ்சு நாள்ல ஆளைக் கொல்லாது. பின்னாடி வந்த மருத்துவர்கள் பலர் அந்தக் குறிப்பை வாசிச்சுட்டு சந்தேகப்பட்டது ரத்தப் புற்றுநோயை, அதாவது லூக்கிமியாவை. அந்த நோய்ல ரத்தம் உறையற சக்தி குறைஞ்சு உட்செவிக்குள்ள கசியலாம். 1880கள்ல வியன்னாவோட ஆடம் பொலிட்சர், லூக்கிமியாவுல உட்செவி கெடுறதைக் காதெலும்பைத் திறந்து பார்த்தே எழுதினார். பனியும் இல்ல, வண்டிப் பயணமும் இல்ல; அந்தப் பெண்ணோட ரத்தத்துலயே பிரச்சினை இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நம்ம ஊர்லயும் இதே கதைதான். “பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்தேன் டாக்டர், காத்து அடிச்சு காது அடைச்சுக்கிச்சு”ன்னு சொல்லாத நோயாளி உண்டா? பாதிப் பேர் அதுக்குள்ள பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயையும் ஊத்தியிருப்பாங்க. எண்ணெயைவிட மோசம், அது வேலை செய்யுமான்னு பாக்க வீணாகிற பத்து நாள்.

அதனால ஒரு சின்ன சோதனை சொல்லித் தர்றேன். வாயை மூடிக்கிட்டு ‘ம்ம்ம்’னு முனகிப் பாருங்க. அடைச்ச காதுல சத்தம் பலமா கேட்டா, வழியில அடைப்பா இருக்க வாய்ப்பு. நல்ல காதுல பலமா கேட்டா, அடைச்சதா நினைக்கிற காதோட நரம்புல கோளாறு இருக்கலாம். அன்னைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க. ஜெர்மனியோட வேபர் 1834லயே இதே தத்துவத்தை இசைக்கவையை வச்சுச் சொல்லிட்டார். இன்னைக்கும் எங்க மேசையில அந்தக் கவை இருக்கு. முனகல் சோதனை ஒரு வழிகாட்டிதான், காது கேட்கும் திறன் சோதனைக்கு மாற்று இல்ல.

சரி, கோயாவுக்கு வருவோம். சந்தேக நபர்கள் பட்டியல் பெருசு.

முதல் ஆள் எப்பவும் சிபிலிஸ். நம்ம பழைய வைத்தியர்கள் பறங்கிப்புண்ணுன்னு சொன்னது. பாதி ஐரோப்பிய மேதைகள் மேல இந்தப் பழி உண்டு. கோயா மனைவி ஹோசபா பலமுறை கருவுற்றும் ஹாவியர்னு ஒரே ஒரு பையன்தான் வளர்ந்து ஆளானார்ங்கிறதை சாட்சியா சொல்றவங்க உண்டு. ஆனா அந்தக் காலத்துல குழந்தைகள் இறக்கிறதுக்கு சிபிலிஸ் தேவையில்ல. அம்மை போதும், பேதி போதும்.

சிபிலிஸ் காதைத் தாக்குங்கிறது உண்மை. லண்டன்ல ஜோனதன் ஹட்சின்சன் 1850, 60கள்ல தாய்வழியா சிபிலிஸ் வந்த பிள்ளைகளைப் பார்த்து மூணு அடையாளம் சொன்னார்: முன்பல் நுனியில வெட்டு, கருவிழி வெளுத்து மங்குறது, வளர்ற வயசுல வேகமா வர்ற செவிடு. அதுலேர்ந்து ‘கண்ணும் காதும் சேர்ந்து கெட்டா சிபிலிஸ்’ங்கிறது மருத்துவர் மனசுல பதிஞ்சு போச்சு. நோயாளி எவ்வளவு மறுத்தாலும் டாக்டர் நம்ப மாட்டார். எத்தனை குடும்பத்துல சண்டை நடந்திருக்குமோ!

அந்தப் பிடிவாதத்தை உடைச்சவர் பாஸ்டனோட கண் மருத்துவர் டேவிட் கோகன். 1945ல அவர் எழுதின கட்டுரையோட தலைப்புலயே ‘சிபிலிஸ் அல்லாத’ங்கிற பொருள்ல ஒரு சொல்லைப் போட்டார். கருவிழி அழற்சி இருக்கு, தலைசுத்தி காது போகுது, ஆனா சிபிலிஸ் சோதனை சுத்தம். அப்படின்னா இது வேற நோய். இன்னைக்கு இதுக்குக் கோகன் சிண்ட்ரோம்னு பேர். நம்ம உடம்போட காவல்படையே நம்ம திசுவைத் தாக்குற வகை. சிலருக்கு இதயத்துலேர்ந்து கிளம்புற மகாதமனி வரைக்கும் அழற்சி போகும்.

கோகன்கிட்ட அப்ப கொடுக்க மருந்து இல்ல. கார்ட்டிசோனை மூட்டுவாதத்துக்குக் கொடுத்து நோயாளி எழுந்து நடந்த அதிசயம் நடக்க இன்னும் மூணு வருஷம் இருந்துச்சு. பேர் வச்சார், காப்பாத்த முடியல. மருத்துவ வரலாற்றுல பல நேரம் இந்த வரிசையிலதான் நடக்குது.

1962ல இங்கிலாந்தோட காது மருத்துவர் டெரன்ஸ் காதோர்ன் கோயாவோட நோயை எடுத்து வச்சுக்கிட்டு, இது வோக்ட், கோயனாகி, ஹராடா மூணு பேர் பேர்ல இருக்கிற நோய்ங்கிற பக்கம் சாய்ஞ்சார். கண்ணுக்குள்ள அழற்சி, மூளைச் சவ்வு அழற்சி, காதிரைச்சல், செவிடு எல்லாம் இதுல உண்டு. நிறமி உண்டாக்குற செல்களை உடம்பே தாக்குறதால பிறகு இமைமுடி நரைக்கும், தோல்ல வெண்திட்டு வரும். நம்ம நாட்டுக் கண் மருத்துவர்களுக்கு இது பழக்கமான நோய்தான். ஆனா இதுல பொதுவா காது முழுசா ஒழியறதில்ல. பெரிய அடி கண்ணுக்குத்தான். கோயாவுக்கு நேர் எதிர். அதனால எனக்கு இது ஒட்டல.

பத்து வருஷம் கழிச்சு நீடர்லாண்டுங்கிற மனநல மருத்துவர் ஈயத்தைக் குற்றம் சொன்னார். கோயா வெள்ளை வண்ணத்துக்கு ஈயத்தைத் தாராளமா பயன்படுத்தினவர். கேட்க நல்லாயிருக்கு. ஆனா குணமானதும் திரும்ப அதே தூரிகை, அதே வெள்ளை. ஈயம்தான் காரணம்னா அடுத்தடுத்து படுத்திருக்கணுமே? ஈயம் ஏறினா மணிக்கட்டு தொங்கிப் போறதும் உண்டு. இவர் 1799ல ‘காப்ரிச்சோஸ்’னு 80 செதுக்கோவியம் வெளியிட்டிருக்கார். கையில ஒரு குறையும் தெரியல.

இப்ப 1979. அந்த ஒரே வருஷத்துல ரெண்டு கட்டுரை. அயோவாவோட பிரயன் மெக்கேப், காரணம் தெரியாம வேகமா காது போய்க்கிட்டிருந்த சிலருக்கு ஸ்டீராய்டு கொடுத்தா கேட்குதுன்னு எழுதினார். உடம்பே உட்செவியைத் தாக்குங்கிற எண்ணம் அங்கேர்ந்துதான் பிடிச்சுக்கிச்சு. இன்னொண்ணு ஜான் சூசாக்ங்கிற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதினது. ரெண்டு பெண்கள். மனக்குழப்பம், விழித்திரையோட குட்டித் தமனிகள்ல அடைப்பு, காது கேளாமை. மூளை, கண், காது மூணுலயும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் மட்டும் அடைபடுற நோய். மூணும் ஒரே நேரத்துல வரணும்னு இல்ல, மாசக்கணக்குல தள்ளித் தள்ளியும் வரும். அதனால கண் டாக்டர் கண்ணைப் பாத்து அனுப்புவார், மனநல டாக்டர் குழப்பத்துக்கு மருந்து எழுதுவார், காதுக்காரர் காதை மட்டும் பாப்பார். மூணு ஃபைலையும் ஒரே மேசையில விரிச்சாத்தான் நோய் தெரியும்.

மார்த்தினெஸ் கடிதத்தைத் திரும்ப வாசிங்க. குழப்பம். பார்வை. காது.

2017ல அமெரிக்காவோட மேரிலாந்து பல்கலைக்கழகத்துல, வரலாற்று மனிதர்களோட நோயை விவாதிக்கிற ஆண்டுக் கூட்டத்துல காது நிபுணர் ரோனா ஹெர்ட்சானோ இதைத்தான் சொன்னார்: கோயாவுக்குப் பெரும்பாலும் சூசாக் சிண்ட்ரோம். இந்த நோய் பலருக்கு கொஞ்ச காலம் ஆடிட்டு தானா அடங்கிடும், ஆனா போன காது பெரும்பாலும் திரும்பாது. 35 வருஷம் மூளை கூர்மையா இருந்து, காது மட்டும் மூடியே கிடந்ததுக்கு இது பொருந்துது. பொருந்தாத ஒண்ணும் உண்டு: சூசாக் அதிகம் வர்றது 20லிருந்து 40 வயசுப் பெண்களுக்கு. இவர் 46 வயசு ஆண்.

என் ஓட்டு யாருக்குன்னு கேட்டா, சூசாக்குக்கும் கோகனுக்கும் நடுவுல நிக்கிறேன், சூசாக் பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சு. ஒரே காரணம் அந்தக் ‘குழப்பம்’. கோகன்ல மூளை பெரும்பாலும் தப்பிச்சுடும். கண்ணு என்னவோ நல்லாவே தேறியிருக்கணும். நோயிலேர்ந்து எழுந்ததும் அவர் தகரத் தகட்டு மேல வரைஞ்ச சின்னச் சின்ன ஓவியங்களை 1794 ஜனவரியில கலைக்கழகத்துக்குக் காட்ட அனுப்பியிருக்கார். மங்கின கண்ணை வச்சுக்கிட்டு அவ்வளவு நுணுக்கம் வராது.

எலும்பைத் தோண்டிப் பார்த்தா தெரியாதான்னு கேப்பீங்க. காதோட பெட்டகம் பொட்டெலும்பு, மண்டை ஓட்டோட ரெண்டு பக்கமும். உடம்புலயே ரொம்பக் கடினமான எலும்புகள்ல ஒண்ணு. நூற்றாண்டு தாண்டியும் நிக்கும். கோயா 1828ல பிரான்ஸோட போர்தோ நகர்ல 82 வயசுல இறந்தார். 1888ல ஸ்பெயின் தூதர் முயற்சியில கல்லறையைத் திறந்தாங்க. உள்ள ரெண்டு எலும்புக்கூடு, ஒரே ஒரு மண்டை ஓடு. கோயாவோட தலை இல்ல. யாரு எடுத்தா, எப்ப எடுத்தா, இன்னைக்கு வரைக்கும் துப்பு இல்ல. தலையில்லாத எலும்பைத்தான் மாட்ரிட்டுக்குக் கொண்டுபோய், 1919லேர்ந்து அவர் காது போறதுக்கு அப்புறம் 1798ல கூரையில ஓவியம் வரைஞ்ச சான் அந்தோனியோ தேவாலயத்துலயே வச்சிருக்காங்க. பீத்தோவனுக்கும் இதே கதி. 1827ல பிரேதப் பரிசோதனையில ரெண்டு பொட்டெலும்பையும் அறுத்து எடுத்து வச்சாங்க, அப்புறம் தொலைச்சுட்டாங்க.

(இடையில ஒரு விஷயம். கோயா 1819ல வாங்கி சுவர்ல கறுப்பு ஓவியங்கள் வரைஞ்ச வீட்டுக்கு ‘செவிடர் பண்ணை’ன்னு பேர். எல்லாரும் அது கோயாவால வந்த பேர்னு நினைக்கிறாங்க. இல்ல. முன்னாடி அந்த இடத்தை வச்சிருந்தவரும் காது கேளாதவராம், பேர் அவரால வந்தது.)

இன்னைக்கு அந்த மார்த்தினெஸ் கடிதத்தோட ஒருத்தர் வந்தா என்ன செய்வோம்?

முதல்ல கேட்கும் திறன் சோதனை. கூடவே ரத்த எண்ணிக்கை. பாரிஸ் பெண்ணுக்கு அந்தக் காலத்துல கிடைக்காத அந்தச் சோதனை இன்னைக்கு எந்தச் சின்ன ஊர் லேப்லயும் நடக்குது. சிபிலிஸ் சோதனை, பென்சிலின்ல குணமாகக்கூடிய காரணத்தை விட்டுடக் கூடாதுங்கிறதுக்காக. அழற்சி அளவு, சர்க்கரை. கண் மருத்துவர் விழித்திரையில சாயம் ஏத்தி ஒவ்வொரு குட்டித் தமனியையும் படம் எடுப்பார். எம்ஆர்ஐல ரெண்டு விஷயம் பாப்போம்: மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற பாலத்தோட நடுவுல உருண்டை உருண்டையா திட்டு இருந்தா சூசாக், காது நரம்பு மேல சின்னக் கட்டி இருந்தா அது வேற கதை, திடீர்ச் செவிடோட வர்றவங்கள்ல நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு அது இருக்கும். தலைசுத்தலோட முகம் கோணினாலோ, பேச்சு குளறினாலோ, நடை தள்ளாடினாலோ நேரா பக்கவாத அவசர சிகிச்சைக்கு. காதுக்குப் போற தமனி சிறுமூளைக்குப் போற தமனியோட கிளை.

காரணம் தெரியாத திடீர்ச் செவிடுக்கு ஸ்டீராய்டு உதவுதுன்னு 1980ல ஒரு அமெரிக்க ஆய்வு காட்டிச்சு. அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள் அவ்வளவு தெளிவா இல்ல, ஆனாலும் அதைவிட நல்லது கையில இல்ல. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எம்ஆர்ஐ தேதி கிடைக்கிற வரைக்கும் அதைத் தள்ளிப் போட வேண்டியதில்ல. சர்க்கரை உள்ளவங்களுக்கு மாத்திரைக்குப் பதிலா செவிப்பறை வழியா ஊசியில கொடுக்கலாம்.

சூசாக்னு உறுதியானா ஸ்டீராய்டு மட்டும் போதாது, எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்துகள் மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல வேணும். போன காதைத் திரும்பக் கொண்டுவர்றதுக்காக இல்ல. மிச்சம் இருக்கிற காதுக்காகவும், ரெண்டு கண்ணுக்காகவும். ரெண்டு காதும் போயிட்டா காக்லியர் இம்ப்ளான்ட் வைக்கலாம். சூசாக் நோயாளிகளுக்கு வச்சு நல்லா கேட்டிருக்கு.